கடைசி நாற்காலி மாலக்கி

மாலக்கி டெவானியின் இடுப்பு உடைந்தது ஒரு அடக்கத்தில். அந்த ஏப்ரல் காலையில் எங்கள் பக்கத்தில் இரண்டு அடக்கம். ஒன்று எங்கள் பங்குக் கோவிலில், இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம். கவுண்டி கவுன்சில், அதாவது மாவட்ட மன்றத்துத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கவுன்சிலர் ஒரு சாவுக்குப் போய் இன்னொரு சாவுக்குப் போகாமல் விட்டால், விட்ட வீட்டுக்காரர்கள் அதைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கவுன்சிலரான மாலக்கி முதல் குழியருகே நின்ற எல்லோருடைய கையையும் குலுக்கிவிட்டு, ஈரக் களிமண்ணில் தன் காரைப் பார்த்து ஓடினான். அறுபத்தாறு வயதில், அடி வழவழத்துப்போன கறுப்பு ஷூவோடு. விழுந்த சத்தத்தில் சாமியார் ஜெபத்தையே நிறுத்திவிட்டார்.

இறந்தவரின் தங்கை ஓடிவந்து குனிந்தாள்.

"மாலக்கி! அடி பட்டுருச்சா?"

மாலக்கி படுத்தபடியே கையை நீட்டினான். "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன், மிஸஸ் கில்ஹூலி."

அவளுக்கு ஏற்கனவே ஒரு தடவை சொல்லியாயிற்று. கையைப் பார்த்தால் வாய் தானாகச் சொல்லிவிடும், அவ்வளவு பழக்கம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் கேட்டது வலிக்கு மருந்தல்ல. "மலைக்கு அந்தப் பக்கம் யாராவது போறீங்கன்னா, நானும் வந்திருந்தேன்னு சொல்லிடுங்கப்பா" என்றான்.

நான் அப்போது வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவனுக்கு இடுப்புப் பந்தை மாற்றிவைத்து வீட்டுக்கு அனுப்பியதும், காலை வேளைகளுக்கு என்னைப் போட்டார்கள். மாலக்கி பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. மூக்கொழுகி நின்றவனை 'அவர்' என்று எழுத எனக்கு வராது. மரியாதை குறைகிறது என்று நினைப்பவர்கள் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாளே விதிகளைச் சொன்னேன். குனியக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது. சாக்ஸ் நான்தான் மாட்டிவிடுவேன். காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும்.

"அடக்கத்துக்குப் போகலாமா?" என்றான்.

"உன்னோடதுக்கு மட்டும் போகலாம்."

அவன் மனைவி நூலா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மாலக்கி சிரிக்கவில்லை.

அவன் கவுன்சிலரான கதையும் ஒரு சாவில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு அவன் வயல்களுக்கு இரும்புக் கேட் செய்து விற்றுக்கொண்டிருந்தான். பெரியப்பா பார்ட்லிதான் கவுன்சிலர். ஒரு கூட்டத்தில், வடிகால் பற்றிய விவாதம் நடக்கும்போது, பார்ட்லி நாற்காலியிலேயே இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்து டீ வரும்வரை யாரும் எழுப்பவில்லை. எங்கள் கவுன்சிலில் இடம் காலியானால் அதற்கென்று தேர்தல் கிடையாது. மிச்சமிருக்கும் கவுன்சிலர்களே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். செத்தவர் வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தால் தேடும் சிரமமும் மிச்சம். மாலக்கியைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு நான்கு தேர்தலில் நின்றான். நான்கிலும் ஜெயித்தான். நான்கிலும் ஜெயித்தவர்களில் கடைசியாக, கடைசி நாற்காலியில்தான். "எங்க கல்யாணத்துக்கும் இவன்தான் கடைசியா வந்தான்" என்பாள் நூலா.

கவுன்சிலர் என்றால் பெரிய அதிகாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ரோடு போடுவது, ஆள் வைப்பது, வீடு ஒதுக்குவது எல்லாம் கவுண்டி மேனேஜர் என்ற அதிகாரி கையில். அந்த வருஷம் அவருக்குத் தலைமை நிர்வாகி என்று பெயர் மாற்றினார்கள். அறைக் கதவில் பலகை மாறியது, ரோட்டில் குழிகள் மாறவில்லை. கவுன்சிலர்கள் பட்ஜெட்டுக்குக் கை தூக்கலாம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்ற திட்டத்துக்குக் கை தூக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை தங்களில் ஒருவரைத் தலைவராக்கி அவர் கழுத்தில் பதவிச் சங்கிலி மாட்டலாம். குழியை அடைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. குழியை அடைக்கச் சொல்லிக் கடிதம் எழுதலாம்.

மாலக்கி எழுதினான். எங்கே எப்போது தார் லாரி வரும் என்பது அவனுக்கு எப்படியோ முந்தின நாளே தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், "உங்க ரோடு விஷயமா விடாம அழுத்தம் கொடுத்துக்கிட்டிருக்கேன்" என்பான். மறுநாள் லாரி வரும். இதை ஏமாற்று என்றால் ஏமாற்றுதான். ஆனால் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி கிடைக்காமல் என் நோயாளிகள் காத்துக்கிடந்தபோது, சுகாதார அலுவலகத்துக்குத் தினமும் போன் போட்டு, தொல்லை கொடுத்துக் கம்பியை வரவழைத்தவனும் இவன்தான். இதையும் நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கேட் வியாபாரத்தைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. காலையிலிருந்து ராத்திரிவரை அவன் வீட்டில் அடிக்கும் போன்தான் அவனுடைய பிழைப்பு, பொழுது, பெருமை எல்லாம். தோற்றால் அந்தப் போன் ஒரே வாரத்தில் நின்றுவிடும். போன் நின்றுபோன ஆண்களை நான் நிறையப் பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒரு வருஷத்தில் நாற்காலியோடு ஒட்டிப்போவார்கள், இடுப்பு நன்றாக இருந்தாலும். ஆகவே அவன் ஜெயிக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு தொழில்முறை அக்கறை இருந்தது.

எங்கள் ஓட்டு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிக்கு ஆறு நாற்காலி. பதினான்கு பேர் நின்றார்கள். சீட்டில் உங்களுக்குப் பிடித்தவருக்கு 1 போடுவீர்கள், அடுத்தவருக்கு 2, அப்புறம் 3, இப்படியே. நான் முன்பு வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் இதே முறைதான். மீனுக்கு 1 போட்டவர்கள் மிகக் குறைவாக இருந்தால் சமையல்காரி அன்று மீனே வாங்கமாட்டாள். அவர்கள் தட்டில் அவர்களுடைய இரண்டாவது விருப்பம் வரும். ஒன்றைத் தேவைக்கு மேல் பேர் கேட்டாலும் மிஞ்சியவர்கள் இரண்டாவதுக்குப் போவார்கள். தேர்தலிலும் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண் போட்ட ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவன் யாருக்கும் முதலாவதாகப் பிடிக்காமல் போனால், அவனுக்கு விழுந்த இரண்டாம் எண்களை எண்ணிப்பார்க்கும் முன்பே அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தேர்தலிலும் அதே தவறைச் செய்வோம். ஓர் ஆள் எப்படியும் ஜெயித்துவிடுவான் என்று காதில் விழுந்தால், 'அப்படியானால் என் 1 அவனுக்கு எதற்கு, பாவம் வேறு யாருக்காவது போடலாம்' என்று நினைப்போம். ஊரே இப்படி நினைத்து, ஊருக்கே பிடித்த ஆளைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் பூசை முடிந்து வாசலில் நின்று, "அவனா தோத்தான்?" என்று கன்னத்தில் கை வைப்போம்.

கோர்மாக் டியர்னி பார்க்க வந்தது மே மாதம் முதல் வாரத்தில். வீடு, நிலம் விற்றுக்கொடுக்கிறவன். டவுன் கவுன்சிலராக இருந்தான். அந்த வருஷம் அரசாங்கம் டவுன் கவுன்சில்களையெல்லாம் கலைத்துவிட்டதால் கவுண்டி கவுன்சிலுக்கு நின்றான். திராட்சை ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். நான் மாலக்கியை உயர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன்.

"உடம்பைப் பாத்துக்கடா மாலக்கி. தேர்தலைப் பத்திக் கவலையே படாத. நான் போற வீட்லெல்லாம் உன் பேரைத்தான் சொல்றாங்க. உன் சீட்டு பத்திரம்."

மாலக்கியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன்.

"அப்படிச் சொல்லாத, கோர்மாக்" என்றான் மெதுவாக.

"ஏண்டா, உண்மையைத்தானே சொல்றேன்? நான்தான் ஆட்டம் கண்டுகிட்டிருக்கேன். நீ பத்திரம்."

"நாலு திராட்சை சாப்பிட்டுட்டுப் போ, கோர்மாக்" என்றாள் நூலா, ஒன்றும் புரியாதவள் போல. அவன் போனதும் மாலக்கி கத்தினான்.

"பத்திரம்னு சொல்லிட்டான்! ரெண்டு தடவை சொல்லிட்டான்! என் வீட்டுக்கே வந்து என் கழுத்தை அறுத்துட்டான்!"

"நல்லதுதானே சொன்னான்?" என்றேன்.

"ஹன்னா, நீ சாக்ஸ் மாட்டற வேலையை மட்டும் பாரு. இதையே அவன் ஒவ்வொரு வாசல்லயும் சொல்லுவான். 'மாலக்கி பாவம், இடுப்பு போச்சு, ஆனா சீட்டு பத்திரம், அவனுக்கு ரெண்டாம் நம்பர் கொடுங்க, ஒண்ணாம் நம்பர் எனக்குக் கொடுங்க'ன்னு. நான் எழுந்து போய் இல்லைன்னு சொல்ல முடியாதே!"

அது அப்படியே நடந்தது. நான் பார்க்கப்போன நாலாவது வீட்டிலேயே ஒரு கிழவி, நான் அவள் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சந்தோஷமாகச் சொன்னாள்: "மாலக்கிக்கு ஒண்ணும் பயமில்லையாமே. கோர்மாக் சொன்னான். நல்ல பையன், போட்டி போடறவனுக்காகவும் ஓட்டு கேக்கறான் பாரு."

மாலக்கியின் ஆள் என்று ஒரே ஒருவன் இருந்தான், பாட்சி. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் என்றால் அவனுக்குத் திருவிழா. மாலக்கி அவனைப் படுக்கையருகே கூப்பிட்டான்.

"பாட்சி, நான் ஆபத்துல இருக்கேன்னு ஊருக்குச் சொல்லு."

"எவ்வளவு ஆபத்துன்னு சொல்லட்டும்?"

"நல்ல ஆபத்து."

மாலக்கியின் தப்பு, அளவு சொல்லாதது. பாட்சி அன்று மாலையே மதுக்கடையில் உட்கார்ந்து, தலையை ஆட்டி, "மாலக்கி விஷயம் முடிஞ்ச மாதிரிதான்" என்றான். ஓட்டைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் இடுப்பு உடைந்து படுத்திருப்பவனைப் பற்றி மதுக்கடையில் அப்படிச் சொன்னால் யார் ஓட்டை நினைப்பார்கள்? மறுநாள் காலை நூலாவின் வாசலில், சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் ஹாம் சான்ட்விச் ஒரு தட்டு இருந்தது. மத்தியானம் அவனுக்காகப் பூசை வைத்திருப்பதாக அட்டைகள் வரத் தொடங்கின. ஒரு ஆள் தயங்கித் தயங்கி, "ஒருவேளை அப்படி ஏதாவது ஆச்சுன்னா, அவரோட எடத்துக்கு யாரை உக்கார வைப்பாங்க? தம்பி மகனையா?" என்று என்னிடமே விசாரித்தான்.

அதற்கு மறுநாள் காலை நான் இருக்கும்போதே பங்குச் சாமியார் வந்தார். கையில், சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசும் எண்ணெய்.

"மகனே, மனசைத் தயார் பண்ணிக்கிட்டியா?"

"எதுக்கு, சாமி?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சாமி, இவனுக்கு மலச்சிக்கல் தவிர வேற வியாதி இல்லை. எதுக்கும் எண்ணெயை வெச்சுட்டுப் போங்க."

சாமியார் ஓர் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, நூலா ருபார்ப் தண்டு போட்டுச் செய்த கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். மாலக்கி தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டான். பாதி ஊருக்கு அவன் பத்திரம், ஆகவே ஓட்டு வேண்டாம். மீதி ஊருக்கு அவன் சாகக் கிடக்கிறான், ஆகவே ஓட்டு போட்டு என்ன பயன்.

"நூலா" என்றான் தலையணைக்கு அடியிலிருந்து. "நீயாவது எனக்கு ஒண்ணாம் நம்பர் போடுவேதானே?"

"ரகசிய வாக்கெடுப்பு" என்றாள் நூலா.

இது அந்த வீட்டில் பழைய வழக்கு. நான்கு தேர்தலிலும் அவன் கேட்டான், நான்கிலும் அவள் இதையே சொன்னாள். "உன் பக்கத்துல படுத்து எழுந்திருக்கேன், அதுக்கு மேல அரசியல் வேண்டாம்" என்பாள்.

அன்று நான் வீட்டுக்குக் கிளம்பும்போது திரும்பி வந்து சொன்னேன்: "மாலக்கி, நீ சாகலைன்னும் காட்டணும், பத்திரமா இல்லைன்னும் காட்டணும். அதுக்கு வாயே தேவையில்லை. நீ தினமும் ரெண்டு நடை நடந்தாகணும்னு டாக்டர் எழுதியிருக்கார். எங்க நடக்கணும்னு எழுதலை."

ஓட்டுப் பதிவு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில். வலி மாத்திரையை அதற்கேற்ற நேரத்தில் கொடுத்து, சவரம் செய்து, இறுதிச் சடங்குக் கோட்டைப் போட்டுவிட்டு அழைத்துப் போனேன். நூலா காரை ஓட்டினாள். காரைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தப் போனவளைத் தடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். சாவடிக்கு ஐம்பது மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே கோர்மாக் நல்ல சட்டை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கோட்டைத் தாண்டினதும் வாயைத் திறந்தா அவ்வளவுதான்" என்றேன் மாலக்கியிடம். "வாக்கர் முன்னே, உடைஞ்ச கால் அடுத்து, நல்ல கால் கடைசியா. அவசரப்படாத."

அவன் வாழ்க்கையில் அவசரப்படாமல் செய்த காரியம் அதுதான். வாக்கரை எடுத்து வைப்பான். நிற்பான். காலை வைப்பான். மூச்சு வாங்குவான். வேலை முடிந்து வந்த ஜனம் அந்தக் குறுகிய பாதையில் அவனுக்குப் பின்னால் வரிசையாக மாட்டிக்கொண்டது. முந்திப் போவது மரியாதையில்லை. சவ ஊர்வலம் போல எல்லோரும் மெதுவாக வந்தார்கள். பாதி வழியில் நான் கொண்டுவந்த உயர நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். கடந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். மாலக்கியின் உதடு துடித்தது, நான் முறைத்தேன், அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வாசலில் இருந்த போலீஸ்காரர் வந்தார். வேறு ஊர்க்காரர், சின்ன வயசு.

"இங்க ஓட்டுக் கேக்கக் கூடாதுங்கம்மா."

"யார் கேட்டா?"

"இவர் வேட்பாளர்தானே?"

"இவர் நோயாளி. நடைப்பயிற்சி நடக்குது. அவர் ஒரு வார்த்தை பேசினதைக் கேட்டீங்களா?"

போலீஸ்காரர் மாலக்கியைப் பார்த்தார். மாலக்கி வானத்தைப் பார்த்தான். பின்னால் வரிசையில் யாரோ, "கவுன்சிலர் இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா வாயை மூடியிருக்காரு, அதைக் கெடுத்துடாதீங்க சார்" என்றார்கள். சிரிப்பு பள்ளிக்கூடம்வரை போயிற்று. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்ற கோர்மாக்குக்குக் கை கொடுக்க ஒரு ஆளும் இல்லை. வரிசை முழுவதும் எங்கள் பின்னால்.

சனிக்கிழமை காலையில் விளையாட்டு அரங்கில் எண்ணிக்கை. நோயாளியைத் தனியாக விடமுடியாது என்று நானும் போனேன். மேஜைகளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதன்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு கட்சியின் ஆட்களும் தொங்கினார்கள், பாட்சி நடுவில். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை விரிக்கும்போதே எந்த ஊரில் யாருக்கு எத்தனை 1 என்று குறித்துவிடுவார்கள். அதிகாரிகள் சொல்வதற்கு வெகுநேரம் முன்பே அரங்குக்கு முடிவு தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெட்டி திறந்தது. பாட்சியின் பென்சில் நின்றுவிட்டது.

"என்ன?" என்றான் மாலக்கி.

"ரெண்டு" என்றான் பாட்சி. "பாக்கறதெல்லாம் ரெண்டு. உன் பேருக்கு நேரே ரெண்டு, ரெண்டு, ரெண்டு. உன் தெருவே உனக்கு ரெண்டு போட்டிருக்கு."

மாலக்கி நூலாவைத் திரும்பிப் பார்த்தான். நூலா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

முதல் எண்ணிக்கையில் மாலக்கி பத்தாவது. ஆறு நாற்காலிக்குப் பத்தாவது. கோர்மாக் ஐந்தாவது. அவன் வந்து மாலக்கியின் தோளைத் தொட்டு, "இன்னும் நேரம் இருக்கு மாலக்கி" என்றான், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் சொல்வது போல.

முதலில் வெளியே போனவன் ஆற்றில் மீன் குறைந்துவிட்டது என்று நின்ற ஒருவன். அவன் சீட்டுகளைப் பிரித்தார்கள். சின்னக் கட்டுதான். அதில் பெரிய பங்கு மாலக்கியின் மேஜைக்குப் போனது. அடுத்தவர், கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் காசு வாங்கக்கூடாது என்று நின்ற அம்மாள். அவளுடையதும் அப்படியே. பாட்சி தடுப்பில் இன்னும் கொஞ்சம் முன்னால் தொங்கினான். நான் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் சுற்றில் கழுத்துக்குக் கத்தி வந்தது. மிச்சம் இருப்பவர்களில் கடைசி இடத்தில் மாலக்கியும் ஓர்லா என்ற பள்ளி ஆசிரியையும். ஓர்லா புதுசு, பள்ளிக்கூடத்துக்கு நடைபாதை வேண்டும் என்று நின்றவள். இருவரில் ஒருவர் இப்போது வெளியே. மாலக்கி போனால் அவனுக்காகப் போட்ட அத்தனை 2-உம் குப்பை. ஒரு தடவை எண்ணினார்கள். மாலக்கி இரண்டு ஓட்டு அதிகம். ஓர்லாவின் ஆட்கள் மறுபடி எண்ணச் சொன்னார்கள். மறுபடி எண்ணினார்கள். அந்த நேரம் முழுக்க மாலக்கி என் கையைப் பிடித்திருந்தான். மூட்டுவலிக் கை எனக்கு, எடுக்கவில்லை.

இரண்டேதான். ஓர்லா வெளியே.

அவளுடைய கட்டைப் பிரிக்க ஆரம்பித்ததும் பாட்சி மெல்லச் சொல்லத் தொடங்கினான்: "மாலக்கி. மாலக்கி. இன்னொருத்தன். மாலக்கி. மாலக்கி..." குரல் ஏறிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்த மற்ற கட்சிக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கடுத்தவர் வெளியேறியபோதும் அதே. அதற்கடுத்தவருடையதிலும். ஒரு கட்டத்தில் கோர்மாக் எங்கள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

"இவங்களுக்கும் மாலக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். "நடைபாதைக்காரி ஓட்டு இவனுக்கு ஏன் வருது? மீன்காரன் ஓட்டு ஏன் வருது?"

பாட்சி பென்சிலைக் காதில் செருகினான். "நீதானேப்பா கேட்ட."

"நானா?"

"ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, மாலக்கிக்கு ரெண்டாம் நம்பர் கொடுங்கன்னு கேட்டியே. அவங்களுக்கெல்லாம் ஒண்ணு யாருக்குன்னு ஏற்கனவே முடிவாயிருந்துச்சு, அதை உனக்கு மாத்தலை. ரெண்டு யாருக்குன்னு தெரியாம இருந்தாங்க. நீ போய்ச் சொன்ன. நல்ல பையன் சொல்றானேன்னு கேட்டுக்கிட்டாங்க. மாலக்கி நல்ல இடுப்போட நடந்திருந்தாக்கூட இத்தனை வாசல் ஏறியிருக்க முடியாது."

கோர்மாக் ஆறிய டீயைத் தடுப்பின்மேல் வைத்தான்.

கடைசிச் சுற்றில் ஒரு நாற்காலிதான் பாக்கி. மாலக்கிக்கும் கோர்மாக்குக்கும் நடுவில். ஜெயிக்க இத்தனை ஓட்டு வேண்டும் என்று வைத்த அளவை இருவருமே எட்டவில்லை. எட்டாமலே பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் மாலக்கி டெவானி தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஐந்தாவது தடவையும் கடைசி நாற்காலி.

எங்கள் வழக்கம், ஜெயித்தவனைத் தோளில் தூக்குவது. பாட்சியும் நாலைந்து கட்டுமஸ்தான ஆட்களும் ஓடிவந்தார்கள். நான் நடுவில் கையை விரித்து நின்றேன்.

"அந்த இடுப்பைத் தொட்டவன் கையை உடைப்பேன். அது போட்டு ஆறு வாரம்கூட ஆகலை."

"எதையாவது தூக்கணுமே, ஹன்னா!" என்றான் பாட்சி, கிட்டத்தட்ட அழுதுகொண்டு.

நான் பதில் சொல்வதற்குள் அவர்கள் மாலக்கியின் கையிலிருந்து வாக்கரை உருவித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அரங்கைச் சுற்றி ஊர்வலமாகப் போய்விட்டார்கள். ஊரே அதன் பின்னால் கைதட்டிக்கொண்டு போனது. நூலாவும் போனாள். நான் துரத்திக்கொண்டு ஓடினேன். அது சுகாதார சேவையின் சொத்து, கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.

திரும்பிப் பார்த்தபோது, நடு அரங்கில் மாலக்கி பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து ஆடிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் இருந்தது கோர்மாக் ஒருவன்தான். மாலக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கோர்மாக் விலகவில்லை, விலகியிருந்தால் மாலக்கி விழுந்திருப்பான், அவன் இடத்துக்கு இன்னொருவரை உட்காரவைக்க வேண்டி வந்திருக்கும். அது அவனுக்குத் தோன்றியதா தெரியாது. தோன்றாமலே பிடித்தான் என்றுதான் நான் எழுதுவேன்.

"எனக்கு ஓட்டு கேட்ட மாதிரியே உனக்கும் கேட்டுட்டேன்டா" என்றான் கோர்மாக், தரையைப் பார்த்தபடி.

மாலக்கி அவன் கையை மெல்லக் குலுக்கினான். "உன் துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன், கோர்மாக்."

வாக்கர் ஒரு கால் வளைந்து திரும்பி வந்தது. வேறு வாக்கர் வாங்க நான் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. 'வெற்றிக் கொண்டாட்டத்தில் சேதம்' என்று எழுதினேன். அப்படி ஒரு காரணம் அந்த அலுவலகத்துக்கு முதல் தடவையாம்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாலக்கி ஒரு கையில் அதைப் பிடித்து, பள்ளிக்கூடத்து நடைபாதை பற்றித் தலைமை நிர்வாகிக்கு அன்றைக்கே எழுதிவிடுவதாக யாருக்கோ சத்தியம் செய்துகொண்டிருந்தான். நான் சாக்ஸை விரித்தேன். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"ஹன்னா, அந்த ரெண்டு ஓட்டு. ரெண்டே ஓட்டுலதான் தப்பிச்சேன். ஒண்ணு நூலாவோடதுன்னா, இன்னொண்ணு..." நிறுத்தினான். "நீ யாருக்குப் போட்ட?"

"காலை நீட்டு" என்றேன்.